தற்காப்புக்காக ஒருவரைக் கொல்ல நேர்ந்தவருக்கு ஏன் நிம்மதி வருவதில்லை?

குற்றமில்லை என்று சட்டமே சொன்ன பிறகும் ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். செயல் நியாயமா என்பதைத்தான் சட்டம் பார்க்கும். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஆபத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் உடம்பில் பாயும்போது பார்வை ஒரே இடத்தில் குவிகிறது. பக்கத்தில் கேட்ட வெடிச்சத்தம்கூடக் காதில் விழாமல் போகலாம். நினைவும் துண்டு துண்டாகத்தான் பதியும். எத்தனை முறை சுட்டோம் என்றே சிலருக்குச் சொல்லத் தெரியாது. அப்புறம் கை நடுக்கம், குமட்டல். பிழைத்துவிட்டோம் என்று முதலில் வரும் நிம்மதியே, பின்னால் குற்ற உணர்வாக மாறி உறுத்தும். அந்த நிம்மதிக்காக உங்களை நீங்களே வெறுக்காதீர்கள். உயிர் பிழைத்த யாருக்கும் அது வரும். எதுவும் உறுத்தாதவர்களும் உண்டு, அதுவும் கோளாறு இல்லை.

கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அந்த இடத்தைத் தவிர்ப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால், கட்டாயம் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே உள்ள பேச்சு சிகிச்சைகள் பலருக்குக் கைகொடுக்கின்றன. குடித்து மறக்கப் பார்த்தால் தூக்கம் இன்னும் கெடும். வழக்கு முடியாமல் இருந்தால், நடந்ததை யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று முதலில் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.