ஆர்ட்டீமியா பொரிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆர்ட்டீமியா என்பது உப்பு நீரில் வாழும், இறால் இனத்தைப் போன்ற ஒரு சிற்றுயிர், அதன் முட்டையைப் பொரித்து மீன் குஞ்சுகளுக்கு உயிருள்ள தீவனமாகக் கொடுப்பார்கள். மீன் குஞ்சு வளர்ப்பவர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

உப்புத் தண்ணீரில் போட்டு இரண்டு நாளாகிவிட்டது, ஒன்றுகூடப் பொரியவில்லை. முட்டை கெட்டதா?

முதலில் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓடு நீக்கிய முட்டை என்று இருந்தால் அது பெரும்பாலும் உலர்த்தி அப்படியே தீவனமாகப் போடுவதற்காக விற்பது, எத்தனை நாள் வைத்திருந்தாலும் பொரியாது. ஓடுள்ள முட்டைதான் என்றால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். நிறையப் பேர் சுத்தமாக இருக்கட்டும் என்று கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுகிறார்கள், அதில் காரத்தன்மை போதாது. பி.எச். 8-க்குக் கீழே போனால் பொரிவது குறையும். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டால் சரியாகிவிடும். உப்பான போர் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. குழாயில் குளோரின் வாடை அடித்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் முட்டையை வைத்திருக்கும் விதம். ஈரக்காற்று பட்டால் முட்டை மெல்ல மெல்ல வீணாகும். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள், டப்பாவின் குளிர் போன பிறகு திறங்கள்.

எவ்வளவு உப்பு? ஹீட்டர் வேண்டுமா?

லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு. அயோடின் கலந்த தூளுப்பிலும் பொரியும், அதற்காகக் கடல் உப்பு தேடி அலைய வேண்டாம். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் முட்டை போடாதீர்கள், வீட்டுத் தேவைக்குக் கால் டீஸ்பூனே தாராளம். 26 முதல் 29 டிகிரி நல்ல வெப்பம், சென்னையிலோ மதுரையிலோ வருடத்தில் பெரும்பாலான நாட்களில் ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மட்டும் வைக்காதீர்கள்.

தலைகீழாக வைத்த தண்ணீர் பாட்டிலின் அடிவரை ஏர் டியூபை விடுங்கள், ஏர் ஸ்டோன் வேண்டாம். பொடிக் குமிழிகள் முட்டையை மேலே தள்ளிச் சுவரில் ஒட்டவைத்துவிடும், அவை காய்ந்து அப்படியே நின்றுவிடும். தொடக்கத்தில் சில மணி நேரமாவது நல்ல வெளிச்சம் படட்டும்.

24 மணி நேரத்தில் எடுக்கச் சொல்கிறார்கள். 36 மணி நேரம் விட்டால் இன்னும் நிறையப் பொரியுமே?

எண்ணிக்கை கூடலாம், ஆனால் சத்து குறையும். இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் ஆர்ட்டீமியா கொடுத்தும் குஞ்சு வளரவில்லை என்று வருத்தப்படுபவர்களில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பொரிந்தவுடன் ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறந்திருக்காது. முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கருவை வைத்துத்தான் வாழ்கிறது, அந்த ஆரஞ்சு நிறமே அதுதான், நம் மீன் குஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டிய கொழுப்பும் அதற்குள்தான் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அது ஒருமுறை தோலுரிக்கும். அதற்குள் கருவில் கணிசமான பகுதி செலவாகியிருக்கும், உடல் பெரிதாகி நிறம் வெளுத்திருக்கும், நீந்தும் வேகமும் கூடியிருக்கும். அதாவது, மீன் குஞ்சு அதிகம் துரத்த வேண்டும், கிடைப்பதோ குறைவு.

அதனால் 18 மணி நேரம் ஆனதிலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டுக்குக் கீழே குடைபோல் தொங்கிக்கொண்டிருப்பவை இன்னும் வெளிவராதவை, துள்ளித் துள்ளி நீந்துபவை தயார். முக்கால்வாசி நீந்தத் தொடங்கிவிட்டால் எடுத்துவிடுங்கள், மிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எடுத்ததில் மீந்ததை ஆழமில்லாத டப்பாவில் உப்புத் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைத்தால் தோலுரிப்பது தள்ளிப்போகும், ஒரு நாள் வரை வைத்துக் கொடுக்கலாம். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? இப்போது அதற்கு வாய் இருக்கிறது, சில மணி நேரம் ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி கொடுத்துவிட்டுப் பிறகு மீனுக்குப் போடுங்கள்.

ஓடும் சேர்ந்தே வருகிறது. குஞ்சு தின்றால் ஆபத்தா?

ஓடு செரிக்காது, சின்னக் குஞ்சுகளுக்குக் குடலை அடைக்கலாம். காற்றை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். வெற்று ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும். பாட்டிலின் கீழ்ப்பக்கத்தில் ஒரு விளக்கைக் காட்டினால் உயிருள்ளவை அங்கே ஆரஞ்சு மேகமாகக் கூடும், அதை மட்டும் டியூப் வைத்து உறிஞ்சி, மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிப் போடுங்கள்.

கப்பி, ஃபைட்டர் மீன் குஞ்சுகளுக்கு எப்போதிலிருந்து கொடுக்கலாம்? எவ்வளவு?

கப்பிக்குப் பிறந்த அன்றே. ஃபைட்டருக்கு நீந்தத் தொடங்கிய முதல் சில நாள் இன்ஃபுசோரியா (தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்) கொடுத்துவிட்டுப் பிறகு தொடங்கலாம். பத்து, பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போடுங்கள், வயிறு ஆரஞ்சாக உருண்டு தெரிந்தால் போதும். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் தாங்கும், பிறகு செத்துத் தொட்டியின் அடியில் அழுகும்.

தூத்துக்குடி உப்பளத்திலேயே ஆர்ட்டீமியா இருக்கிறதாமே, அங்கிருந்து எடுக்கலாமா?

இருக்கிறது. அங்கே முதலில் இருந்தது ஆண் துணையில்லாமலே பெருகும் வகை. கடையில் கிடைக்கும் முட்டையில் ஒரு பகுதி அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள கிரேட் சால்ட் லேக் ஏரியிலிருந்து வருகிற வேறு இனம். உப்பளக்காரரிடம் கேட்டு வலை போட்டால் வளர்ந்த ஆர்ட்டீமியா கிடைக்கும், ஏஞ்சல் போன்ற பெரிய மீன்களுக்கு அது அருமையான தீனி. குஞ்சுகளுக்கு வேண்டிய முட்டையை மட்டும் நல்ல பொரிப்புத் திறன் போட்ட டின்னாகப் பார்த்து வாங்கிவிடுங்கள், உப்பளத்து வண்டலில் முட்டையைப் பிரித்துச் சுத்தம் செய்வது வீட்டில் ஆகிற வேலை இல்லை.