மூன்று அதிகாரமா, ஒரு நிருபமா?

அன்புள்ள ஐயா,

தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று வாசித்து வருஷாவருஷம் வேதாகமத்தை முடித்துவிடுகிறேன். வேத வினாடி வினாவில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஆனால் சபையில் ஒருவரோடு மனஸ்தாபம் வந்ததும், வேதத்தைத் திறக்காதவர்களைவிட மோசமாக நடந்துகொண்டேன். எபிரெயர் 5 சொல்கிற பாலுண்கிறவன், அதாவது விசுவாசத்தில் இன்னும் குழந்தையாகவே இருக்கிறவன், நான்தானோ? அஞ்சல்வழி வேதாகமப் படிப்பில் சேரட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் சேருங்கள். ஆனால் உங்கள் குறை அதில் தீராது. 1189 அதிகாரங்களை ஒரே வருஷத்தில் ஓட்டுகிறவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், ஏன் எழுதப்பட்டது என்று யோசிக்கத்தான் நேரமிருக்காது. நீங்கள் சொன்ன எபிரெயர் 5இலேயே 14ஆம் வசனத்தைப் பாருங்கள். பலமான ஆகாரம், நன்மை தீமையைப் "பயிற்சியினால்" பகுத்தறிகிறவர்களுக்கு என்கிறது.

இரண்டு மாதத்துக்கு பிலிப்பியரை, அதாவது பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தை (கடிதத்தை), மட்டும் எடுங்கள். நான்கு அதிகாரம், 104 வசனம். வாய்விட்டு வாசித்தாலும் இருபது நிமிடம் போதும். முதல் வாரம் தினமும் முழு நிருபத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். ஒத்துவாக்கியங்கள் (தொடர்புள்ள வேறு வசனங்களைக் காட்டும் குறிப்புகள்) பக்கம் போகவேண்டாம். 2:10இலிருந்து ஏசாயாவுக்குப் போனவர் அன்றைக்கு பிலிப்பிக்குத் திரும்புவதில்லை.

இரண்டாம் வாரம் ஒரு நோட்டு வாங்கி, "ஆதலால்" வருகிற இடங்களைக் குறியுங்கள்: 2:1, 2:9, 2:12, 4:1. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எதனால் அப்படிச் சொல்கிறார் என்று சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் அதிகாரமே "ஆதலால்" என்றுதான் தொடங்குகிறது. அப்படியானால் பேச்சு முன்பே, 1:27இலேயே ஆரம்பித்துவிட்டது. அதிகாரப் பிரிவு பவுல் போட்டதல்ல. வசன எண்களோ 1551இல் ராபர்ட் எத்தியேன் என்ற அச்சகர் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவை. நாம் வசனத்தைத் தனித்தனியாகப் பிய்த்து வாக்குத்தத்த அட்டையில் அச்சடிப்பதற்கு அந்த எண்களும் ஒரு காரணம். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற 4:13ஐப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறோம். முந்தின வசனம் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறது, அதை யாரும் அச்சடிப்பதில்லை.

மூன்றாம் வாரம் ஆட்களைக் கவனியுங்கள். உங்களுக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது. 4:2இல் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருங்கள் என்கிறார். இருவரும் சுவிசேஷ வேலையில் அவரோடு பாடுபட்டவர்கள். கடிதம் சபை நடுவே வாசிக்கப்பட்டபோது அவர்களும் அங்கே உட்கார்ந்திருந்திருக்கலாம். இதையேதான் 2:2இல் சபை முழுவதிடமும் கேட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில், கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்கிற 2:5-11 வருகிறது. பெரிய வெள்ளியில் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். அந்த இருவருக்காகவே அதை எழுதினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சபைக்குள் இருந்த உரசலோடு அதற்குத் தொடர்பே இல்லை என்று வாசிப்பதும் சரியாகாது.

விளக்கவுரையை நான்காம் வாரத்துக்கு முன் திறக்காதீர்கள். நோட்டில் உங்களுடைய கேள்விகள் குறைந்தது பத்து சேரட்டும். முதலிலேயே திறந்தால், பிறகு எத்தனை தடவை வாசித்தாலும் உரையாசிரியர் சொன்னதுதான் கண்ணில் படும். மிச்சமுள்ள நாட்களில் தினம் ஒரு பத்தி போதும். வாரம் ஒருமுறை, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் நோட்டைக் காட்டுங்கள். தலையாட்டுகிறவரிடம் காட்டிப் பிரயோஜனமில்லை.

அந்த மனஸ்தாபத்துக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். மற்றவர்களை உங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணுங்கள் என்கிற 2:3-4ஐ வாசிக்கிற வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அடுத்து யாக்கோபு எடுக்கலாம். ரோமருக்கு இப்போது அவசரமில்லை.