கோபியில் கல்யாணம், ஜெர்மனி மாப்பிள்ளை

கேள்வி: நான் காதலிப்பவர் ஜெர்மன்காரர், கிறிஸ்தவர். எங்கள் கொங்குக் கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரரை வைத்துச் சீர் செய்து தாலி கட்டிவிட்டு, அதையே இந்துத் திருமணமாகப் பதிந்துகொள்ளலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சீரைத் தாராளமாகச் செய்யுங்கள். பதிவுக்கு அது உதவாது. இந்துத் திருமணச் சட்டத்துக்கு இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். உங்களுக்கு உரியது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். சார்பதிவாளரிடம் இருவரும் கையெழுத்திட்டு, திருமணம் செய்யப்போவதாக நோட்டீஸ் கொடுங்கள். அதற்கு முன் 30 நாளாவது நீங்கள் அம்மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். பெங்களூரு வேலையிலிருந்து நேராக வந்து கொடுத்தால் சிக்கல். நோட்டீஸ் 30 நாள் பலகையில் தொங்கும். (மாமன் மச்சான் காதுக்கு எட்டிவிடும், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்!) பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: மாப்பிள்ளைக்கு இரண்டு வார விடுமுறை போதாது. நோட்டீஸ் மூன்று மாதத்தில் காலாவதி. அவர் மணமாகாதவர் என்ற சான்றும், கையெழுத்துக்கு மூன்று சாட்சிகளும் வேண்டும். அங்கே குடியேறுவதானால் ஏ1 எனும் தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வுக்கு இப்போதே படியுங்கள்.