ஹைபிரிட் காரை வவுனியாவுக்கு அனுப்புகிறார்கள், எனக்கு வேலை இருக்குமா?

கேள்வி: அண்ணை, ஓ.எல். முடித்த கையோடு கராஜுக்கு வந்தவன், இப்போது 5 வருடம். மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), டீசல் வான் எல்லாம் கழற்றிப் பூட்டுவேன். பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற ஹைபிரிட் கார் வந்தால் மட்டும் முதலாளி வவுனியாவுக்கு அனுப்பிவிடுகிறார். இந்தத் தொழிலை நம்பி இருக்கலாமா? சான்றிதழும் இல்லை.
– வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, தாராளமாக இருக்கலாம். வவுனியாவுக்குப் போகிற ஒவ்வொரு காரும் மாங்குளத்தில் செய்ய ஆளில்லாமல் போகிற வேலைதானே. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியில், கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப அனுமதி கிடைத்தது. அதுவரை சனம் பழையதைத் திருத்தித் திருத்தித்தான் ஓடியது, இனிப் பழையதும் புதியதும் சேர்ந்தே கராஜுக்கு வரும்.

டொயோட்டா அக்வாவையே எடுங்கள். அதன் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிர்விக்கிற காற்று சீற்றுப் பக்கத்துத் துவாரத்தால்தான் உள்ளே போகும், நம் ஒழுங்கைகளின் செம்புழுதியும் அதே வழியால்தான் போய் விசிறியில் அப்பிக்கொள்ளும், அப்புறம் பற்றரி சூடாகிக் கெட்டுப்போகும். பற்றரிக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் நிலை வருமுன் அந்த விசிறியைக் கழற்றித் துடைத்துக் கொடுக்கிற ஆள் ஊரிலேயே இருந்தால் எவ்வளவு நல்லது!

ஆனால் அது 144 வோல்ற் பற்றரி. உயர் வோல்ற் மின்சாரம் போகிற செம்மஞ்சள் வயரைக் கண்டால் கையை எடுங்கள். பற்றரி இணைப்பைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் 10 நிமிடமாவது பொறுக்க வேண்டும், 1000 வோல்ற் தாங்கும் கையுறையும் வேண்டும். யூரியூப்பைப் பார்த்து மட்டும் இதில் இறங்கவே வேண்டாம், உயிர் போகிற விஷயம்.

காரின் கணினியோடு இணைத்துப் பிழை பார்க்கிற ஸ்கானர் வாங்க அவசரப்படாதீர்கள். அது பிழைக் குறியீட்டைத்தான் காட்டும், காரணத்தை நீங்கள்தான் தேட வேண்டும். முதலில் மல்ரிமீற்றர் பிடித்து வயரிங் படம் வாசிக்கப் பழகுங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த மெக்கானிக்மாரின் ஊர் இது. அந்தக் கைப்பழக்கம் உங்களிடமும் இருக்கும், மின்சாரம் பற்றிய அறிவுதான் குறை.

சான்றிதழுக்குக் கவலை வேண்டாம். அனுபவம் உள்ளவர்கள் முழுநேர வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டில் தேறி என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம், அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைற்றாவில் விசாரியுங்கள். முறையாகப் படிக்க விருப்பமென்றால் அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஏ9இல் கிளிநொச்சிப் பக்கம் பஸ் ஏறினால் சரி.

அதற்கு முன், அடுத்த ஹைபிரிட் கார் வவுனியாவுக்குப் போகும்போது நானும் கூடப் போய்ப் பார்த்துவரட்டுமா என்று முதலாளியிடம் கேளுங்கள்.