மகளுக்குத் தலைமைப் பொறுப்பு கொடுக்கலாமா?

அறிவுசார் குறைபாடுள்ள மகள் நன்றாக ஓடுகிறாள், ஆனால் கோச் 'தலைமைப் பயிற்சிக்கு விடுங்கள்' என்றதும் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். வெள்ளவத்தையிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். யார் அவனிடம் எது கேட்டாலும் பதில் சொல்வது நானோ அம்மாவோதான்.

ஒரு பரிசளிப்பில் 'வீரர்களின் பிரதிநிதி' என்று அவனை மேடையில் இருத்தினார்கள். மாலை, படம், கைதட்டல் எல்லாம் நடந்தது. பேச மட்டும் விடவில்லை. நிகழ்ச்சி முழுக்கச் சிங்களமும் ஆங்கிலமும். அவனுக்கு விளங்குவது தமிழ். வீட்டுக்கு வந்து, "அக்கா, நான் ஏன் அங்க இருந்தனான்?" என்றான்.

பிறகு வந்த கோச் விசிலை அவன் கையில் கொடுத்து, "வார்ம் அப் நீதான்" என்றார். ஐந்து பயிற்சி, ஒரு மட்டையில் ஐந்து படம். முதல் நாள் மூன்றாவது படத்தில் நின்றுவிட்டான். நான் வாயைத் திறக்க, கோச் கையைக் காட்டி மறித்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். வருஷம் மாதிரி இருந்தது. திடீரென்று "முழங்கால்!" என்று கத்தினான். இருபது பேரும் முழங்காலைத் தூக்கினார்கள்.

அடுத்த வருடம் பயிற்சி நேரத்தை வீரர்களிடமே கேட்டார்கள். "வெயில் சுடுது, காலமை வைப்பம்" என்றான் தம்பி. மற்றவர்களும் கை தூக்க, ஏழு மணிக்கு மாறியது. என்னுடைய ஞாயிறு நித்திரை அதோடு போச்சு.

அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக 1968இல் சிக்காகோவில் தொடங்கிய விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இன்று வீரர்களுக்கே பேச்சு, பயிற்றுவிப்பு, நடுவர் வேலை எல்லாம் பழக்குகிறது. பல மரதன்கள் ஓடிய லொரேட்டா கிளெய்போர்ன் அதன் சர்வதேசப் பணிப்பாளர் சபைவரை போனவர். அவரும் அறிவுசார் குறைபாடுள்ள வீராங்கனைதான்.

ஆகவே விடுங்கள். ஆனால் கோச்சிடம் ஒன்றை நேரே கேளுங்கள்: மகள் எதைத் தீர்மானிப்பாள்? மாலை போட்டுக்கொள்ள மட்டும் என்றால் வேண்டாம். எல்லாருக்கும் மேடை சரிவராது. புள்ளி எழுதலாம், புதிதாக வரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரியலாம். கூட்டம் என்றால், பேசப்போகும் விஷயம் இரண்டு நாள் முன்னதாகத் தமிழில், சின்னச் சின்ன வசனங்களாகக் கைக்கு வரவேண்டும். பக்கத்தில் உதவிக்கு ஒருவர் இருக்கட்டும். அது நீங்களாக இருக்க வேண்டாம். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். தம்பி உள்ளே இருக்கும்போது நாங்கள் இப்போதெல்லாம் வெளியே தேத்தண்ணிக் கடையில்தான் இருக்கிறோம்.