வாசகர் கேள்வி: குளிரில் உறையும் கரைப்பான்

கேள்வி: ஏற்காட்டில் உள்ள ஆய்வகம் ஒன்றில், அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் நாற்றுகளில், வேர்ச்செல்லுக்குள் சவ்வுப்பைகள் வழியே நடக்கும் கடத்தலைத் தடுக்கும் பிரெஃபெல்டின் ஏ என்ற தடுப்பானை 50 மைக்ரோமோலார் அளவில் சோதிக்கிறேன். மார்கழிக் குளிரில் டி.எம்.எஸ்.ஓ. (டைமெதில் சல்பாக்சைடு) என்ற கரைப்பான் புட்டியிலேயே கட்டியாகிவிட்டது. அதை உருக்கி, 5 மில்லிகிராம் தடுப்பானை 3.57 மில்லிலிட்டரில் கரைத்து, நூறில் ஒரு பங்காக நாற்று வளரும் ஊடகத்தில் விட்டபோது வெண்துகள்கள் தோன்றின. கரைப்பான் மட்டும் சேர்த்த நாற்றுகளின் வேர்களும் வளரவில்லை. கரைப்பான் கெட்டுவிட்டதா?
– முதுகலை மாணவி, சேலம்

பதில்: கெடவில்லை. தூய டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரி செல்சியஸில் உறையும். அதனால்தான் சேலத்தில் பெரும்பாலும் காணாத காட்சியை மலைமேல் கண்டீர்கள். சொல்லப்போனால், அந்தக் குளிரிலும் உறையாத புட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் ஈரத்தை உறிஞ்சிய கரைப்பானின் உறைநிலை இறங்கிவிடும். மூடியைத் திறக்காமலேயே வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்குங்கள். சேர்வராயன் மலையின் பனிமூட்டத்தில் திறந்து வைத்த புட்டி வேகமாக நீரை ஈர்க்கும்.

வேர்கள் குன்றியதற்குக் காரணம் உங்கள் கணக்கில் இருக்கிறது. பிரெஃபெல்டினின் மூலக்கூறு எடை 280.4 என்பதால், நீங்கள் தயாரித்தது 5 மில்லிமோலார் கரைசல். அதை நூறு மடங்கு நீர்த்ததில் ஊடகத்தில் 1 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. சேர்ந்துவிட்டது. அந்த அளவு வேர்வளர்ச்சியைத் தானே பாதிக்கும். அதே 5 மில்லிகிராமை 0.357 மில்லிலிட்டரில் கரைத்தால் 50 மில்லிமோலார் கிடைக்கும். ஆயிரம் மடங்கு நீர்த்தால் கரைப்பான் 0.1 சதவீதத்தில் நிற்கும். பல மூலக்கூறுகளை 96 குழித் தட்டில் ஒப்பிடும்போதும், தடுப்பான் இல்லாத குழி உட்பட எல்லாக் குழிகளிலும் இந்தச் சதவீதம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

வெண்துகள், முழுதும் கரையாத தடுப்பானாக இருக்கலாம். கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைத்து, உருக்கிய ஒவ்வொரு பங்கையும் விளக்கொளியில் பிடித்துத் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடுங்கள். அறை வெப்பத்திற்கு வந்த ஊடகத்தைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச்சொட்டாக விடுங்கள். ஒரே இடத்தில் விழுந்த சொட்டு கலப்பதற்குள் படிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, செல்சவ்வுகளை ஒளிரச் செய்யும் எஃப்.எம்.4-64 சாயமிட்ட வேர்ச்செல்லில் ஒரு மணி நேரத்தில் சவ்வுப்பைகளின் உருண்டைத் திரள்கள் தெரிந்தால், அந்த நாற்றைத் தடுப்பானற்ற ஊடகத்தில் கழுவி வைத்து மீண்டும் பாருங்கள். திரள்கள் கலைந்தால், நீங்கள் கண்டது செல் நஞ்சுண்டு சாவதன் அடையாளமல்ல, கடத்தல் தடைப்பட்டதன் அடையாளம் என்று நம்பிக்கையோடு எழுதலாம்.