வீடு பத்தின நவீன கலைக் கண்காட்சிக்கு போனா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஏதும் புரியுமா?

புரியும், தைரியமா போங்க. நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தவன், ஓவியம் எல்லாம் படிச்சதில்ல. கொழும்புல வீடுங்கிறத பத்தி ஒரு கண்காட்சி நடந்துச்சு, அம்மாவ க்ளினிக்குக்கு கூட்டிட்டு போன கையோட அங்கயும் போனோம்.

வீடியோ, கம்பி வேலை எல்லாம் இருந்துச்சு, அதுல பெருசா மனசு ஒட்டல. புடிச்சு நிறுத்தினது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல படிப்பிக்கிற ஓவியர் சனாதனனோட 'இன்கம்ப்ளீட் தோம்பு'. 2011ல புத்தகமா வந்த வேலை. தோம்புனா ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரங்க காலத்து காணிப் பதிவேடு. யுத்தத்துல வீட்ட விட்டுட்டு ஓடின சனங்க ஞாபகத்துல இருந்து கையால கீறின வீட்டு பிளான், அதையே ஆர்க்கிடெக்ட் ஒருத்தர் சுத்தமா கீறினது, அப்பறம் சனாதனனோட ஓவியம்னு ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்தடுத்து வரும்.

அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "இவங்களுக்கு வரையவாச்சும் சொந்தமா ஒரு வீடு இருந்திருக்கு தம்பி"னாங்க. எனக்கு பேச்சே வரல. நமக்கு பத்துக்கு பன்னெண்டு அடி லயக்காம்பரா, அதாவது தொழிலாளருக்கு வரிசையா கட்டின ரூம்ல ஒண்ணு, முன்னுக்கு ஒரு இஸ்தோப்பு, அதாவது சின்ன திண்ணை, அதுவும் கம்பெனியோடது, காணி உறுதிப் பத்திரம் கெடயாது. 1948ல நம்ம மலையக சனங்களுக்கு பிரஜாவுரிமை போச்சு, 1964ல இலங்கையும் இந்தியாவும் நம்ம ஆளுங்கள பிரிச்சு எடுத்துக்க போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல பாதி சொந்தம் இந்தியாவுக்கு போயிருச்சு.

வீட்டுக்கு வந்து அம்மாட்ட கலண்டர் தாளும் பேனாவும் குடுத்து நம்ம வீட்ட கீறுங்கம்மானேன். காம்பராவ ஒரு சின்ன கட்டமா போட்டுட்டு வெளிய போயிட்டாங்க, தண்ணி புடிக்கிற பீலி, காலைல வேலைக்கு பேரு குடுக்கிற பெரட்டுக்களம், புள்ளைங்கள விட்டுட்டு போற புள்ளக்காம்பரா, மாரியம்மன் கோயில், கொழுந்து எடுத்த அஞ்சாம் நம்பர் மலை, லயத்து கடைசில உள்ள தொங்கல் காம்பராவுல இந்தியாவுக்கு போன பெரியம்மா பேரு, தாளே பத்தல. எனக்கு தெரிஞ்சு மலையக ஆளுக்கு வீடுனா அந்த நாலு சுவர் மட்டும் இல்ல, அந்த முழுத் தாளும்தான், அதனாலதான் காணியும் வேணும்னு கேக்கறோம், சும்மா கூரை மாத்திக் குடுத்தா போதாது. இந்த மாதிரி ஒரு தோம்ப நம்ம தோட்டங்களுக்கும் யாராச்சும் செய்யணும், வயசானவங்க இருக்கும்போதே செய்யணும்.

கொழும்பு தூரம்னா கம்பளை பக்கம் பீக்கொக் தோட்டத்துல 2007ல தொறந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கு, பழைய லயத்துலயே வச்சிருக்காங்க. தனியா போகாம வீட்டுல உள்ள பெரியவங்கள கூட்டிட்டு போங்க, அவங்க சொல்றத போன்ல ரெக்கோட் பண்ணிக்கோங்க.